பெரியவரின் ஆடும் கழுத்து

அம்மாவால் சீப்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

வலது கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தோளில் அப்படி ஒரு வலி. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையாலேயே பின்னி முடித்தாள். நட்டு கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே நின்றது. இன்னொன்று பிடரிக்குக் கீழே தொங்கியது.

“ஒண்ணு மாடியில இருக்கு. ஒண்ணு கீழ் வீட்டுல இருக்கு,” என்றாள் நட்டு.

“ரெண்டும் ஒரே தலையிலதானே இருக்கு. கிளம்பு,” என்றாள் அம்மா. சிரிக்கும்போதுகூடத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வலிக்குக் காரணம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் பெரியவர்.

பெரியவர் ஒரு லாரி. அம்மா பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியவர். மூக்கு நீண்டவர், முட்டைக் கண் விளக்குக்காரர். அவரைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து வீட்டில் எல்லோரும் ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். “அவருக்குத் தண்ணி ஊத்தினியா?” “இன்னிக்கு அவர் எழுந்திருக்க அடம் பிடிக்கிறார்.” இதைக் கேட்டுவிட்டு, உள்ளே யாரோ நோயாளி படுத்திருப்பதாக நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசியவர்களும் உண்டு.

நட்டு என்பதும் பெரியவரால் வந்த பெயர்தான். தவழும் வயதில் அவருடைய சக்கர நட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, தரமாட்டேன் என்று அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாளாம். இப்போது அவள் எதையும் வாயில் போடுவதில்லை. ஆனால் கீழே விழுந்த எதையும் விடுவதும் இல்லை. நட்டு, வாஷர், உடைந்த ஸ்பிரிங், பெயர் தெரியாத துண்டு, எல்லாம் அவளுடைய தகர டப்பாவுக்குப் போய்விடும்.

அம்மா பெரியவரை ஓட்டி மாவு மில்லிலிருந்து கடைகளுக்கு மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கொஞ்ச நாளாகப் பெரியவருக்குக் கழுத்து சரியில்லை. ஸ்டீரிங்கைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கும் தண்டைத்தான் அம்மா கழுத்து என்பாள். அது விழப்போகும் பல்லைப்போல ஆடியது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் பெரியவர் முதலில் யோசிப்பார். பிறகுதான் திரும்புவார். அவர் யோசித்து முடிக்கும்வரை அம்மா தோள் கொடுத்து இழுத்துப் பிடிக்கவேண்டும்.

அன்று வண்டிச் சோதனை நடக்கும் இடத்தில் அதிகாரி ஸ்டீரிங்கைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். முன் கண்ணாடியே சேர்ந்து குலுங்கியது.

“திங்கட்கிழமை காலையில மறுபடி கொண்டு வாங்கம்மா. அப்பவும் இது ஆடிச்சுன்னா வண்டிய ரோட்டுல விடமுடியாது.”

வீட்டுக்கு வந்ததும் நட்டு கேட்டாள். “ரோட்டுல விடலைன்னா என்னம்மா ஆகும்?”

“நான் மறுபடி மூட்டை தூக்கப் போகணும்.”

பெரியவர் வருவதற்கு முன் அம்மா மில்லில் மூட்டை சுமந்தவள். அவளுடைய பிடரியில் இன்னும் ஒரு கறுத்த இடம் இருக்கிறது. நட்டு அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். குதிகால் போல இருக்கும்.

சனிக்கிழமை டயர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தெருமுனையில் பஞ்சர் ஒட்டுபவர். உலகத்தில் பழைய டயர் டியூப்பால் சரியாகாத பொருளே இல்லை என்பது அவர் நம்பிக்கை. அவருடைய செருப்பு வார் டியூப். வாளிக் கைப்பிடி டியூப். மூக்குக் கண்ணாடிகூட ஒரு டியூப் துண்டின் தயவில்தான் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“கழுத்து ஆடுதா? இவ்வளவுதானே. கழட்டிப் போட்டுடலாம் அக்கா,” என்றார்.

“கழட்டறது பெரிசில்லடா. திரும்ப மாட்டணும்.”

மாமா ஸ்பேனரை வைப்பதற்குள் நட்டு ஓர் ஆணியுடன் உள்ளே ஏறினாள். தண்டின் நுனியிலும் ஸ்டீரிங்கின் நடுவிலுமாகச் சேர்த்து ஒரே கோடு கீறினாள்.

“என்னடி கோலம் போடறே?”

“எது எதுக்கு நேரா இருந்துச்சுன்னு தெரிய வேண்டாமா மாமா? போன மாசம் உங்க சைக்கிள் ஹாண்டிலை நீங்க மாட்டினீங்களே. நேராப் போனா அது பக்கத்து வீட்டைப் பார்க்குது.”

மாமா கேட்காதது போல ஸ்டீரிங்கின் நடுவிலிருந்த நட்டைத் திருகினார். துரு பிடித்த நட்டு முனகிக்கொண்டு நகர்ந்தது.

“முழுசா எடுத்துடாதடா,” என்றாள் அம்மா. “ரெண்டு சுத்து மிச்சம் வச்சுட்டு இழு. இல்லேன்னா மூஞ்சிக்கு வரும்.”

“எனக்குத் தெரியாதா அக்கா.”

மாமா நட்டை முழுசாக எடுத்தார். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியை எதிரே முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். வந்தது. நேராக அவருடைய உதட்டுக்கு வந்தது.

“இப்போ தெரிஞ்சுதா?” என்று அம்மா கேட்டாள்.

“தெரிஞ்சுது,” என்றார் மாமா, வீங்கத் தொடங்கிய உதட்டால்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. தண்டு, அதைச் சுற்றியிருந்த இரும்புக் குழாய், கீழே இருந்த பேரிங். பேரிங் தேய்ந்து போயிருந்தது. அதே அளவில் கடையில் கிடைக்கும் என்று அம்மா போய் வாங்கி வந்துவிட்டாள். வம்பு மேல் முனையில்தான். குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில், தண்டை ஆடவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு புஷ் இருக்கவேண்டும். வளையல் போன்ற தடித்த வளையம். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அங்கிருந்து கறுப்புக் கறுப்பாகத் தூளும் சில்லும்தான் விழுந்தன.

“பெரியவருக்குத் தொண்டையில ஏதோ அடைச்சிருந்திருக்கு,” என்று சொல்லிக்கொண்டே நட்டு தூளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மாமா குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “கருகிப்போன ரப்பர்க்கா இது. அப்போவே ரப்பர்தான் போட்டிருக்கான். நம்ம கடையில இல்லாத ரப்பரா?”

டியூப்பைப் பட்டை பட்டையாக வெட்டித் தண்டைச் சுற்றி இறுக்கினார்கள். குழாய்க்குள் தள்ளினார்கள். ஆணிக் கோட்டுக்கு நேராக ஸ்டீரிங்கை மாட்டினார்கள். மாமா பிடித்து ஆட்டிப் பார்த்தார். இம்மிகூட ஆடவில்லை.

“எப்படி?” என்று மாமா உதட்டைத் தடவிக்கொண்டு கேட்டார்.

அம்மா பக்கத்துக் காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனாள். நட்டு ஓரத்தில் நின்று பார்த்தாள். பெரியவர் வலப்பக்கம் திரும்பினார். திரும்பிக்கொண்டே இருந்தார். அம்மா நேராக்க முயல்வது கண்ணாடி வழியே தெரிந்தது. ரப்பர் தண்டைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. அம்மா எழுந்து நின்று, முழு உடம்பையும் கொடுத்து இழுத்து, வண்டியை நிறுத்தினாள்.

இறங்கி வண்டிப் படியில் உட்கார்ந்தாள். தோளைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. அம்மா திட்டாவிட்டால் விஷயம் பெரிது என்று நட்டுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்பு வாங்குகிறவர் தராசு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெரியவரை மூக்கிலிருந்து வால்வரை கண்ணாலேயே எடை போட்டார்.

“என்னம்மா, திங்கட்கிழமை சோதனையாமே, அன்னிக்கே வரட்டுமா? இந்தத் தராசு பத்தாது. பெரிசா எடுத்துட்டு வரேன்.”

“உங்க வேலையப் பாத்துட்டுப் போங்கண்ணே,” என்றாள் அம்மா.

“இதுதாம்மா என் வேலை,” என்றார் அவர். அதிலும் தப்பில்லை.

நட்டு பொறுக்கிய தூளை டப்பாவில் போடச் சட்டைப் பையில் கைவிட்டாள். பையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ரப்பர் தூளில் எண்ணெய் எப்படி வந்தது? இருப்பதில் பெரிய துண்டை எடுத்து நகத்தால் அழுத்தினாள். ரப்பர் என்றால் நசுங்கவேண்டும், அல்லது பொடியாகவேண்டும். இது நீளவாக்கில் பிளந்தது. நார் நாராக.

“அம்மா, இது ரப்பர் இல்ல. மரம்.”

மாமா சிரித்தார். உதடு வலித்ததும் நிறுத்திக்கொண்டார். “லாரிக்குள்ள மரமா? இது என்ன கட்டிலா?”

அம்மா துண்டை வாங்கி முகர்ந்தாள். முன்பல்லால் மெல்லக் கடித்தாள். துப்பினாள். எழுந்து நின்றாள்.

“மரம்தான்டா.”

பழப்பெட்டிப் பலகை ஒன்றை உடைத்து, செதுக்கி, நடுவில் துளை போட்டு, ஒரு மர வளையம் செய்தார்கள். மாட்டித் திருப்பியதும் அது வாலை மிதித்த நாய்க்குட்டி போலக் கத்தியது. நாலாவது தடவை திருப்பியபோது இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

“சரி, மரம்தான்,” என்றார் மாமா. “ஆனா என்ன மரமோ.”

“எண்ணெய் குடிச்ச மரம்,” என்றாள் நட்டு, தன் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே.

“ஊறப் போடலாம்.”

“காஞ்ச மரம் உள்ளவரைக்கும் குடிக்க மாசக்கணக்கு ஆகும்டா,” என்றாள் அம்மா. “நமக்கு நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல நட்டுதான் ரொட்டி வாங்கப் போனாள்.

ரொட்டிக்காரர் மேசைமுன் நின்று மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். வயிறு மேசையில் முட்டும். புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும். யாரோடும் அதிகம் பேசாதவர். ஆனால் அம்மா கொண்டுவரும் மூட்டையை மட்டும் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

“பெரியவர் எப்படி இருக்கார்?” என்றார்.

“கழுத்து நிக்கலை தாத்தா.”

அவர் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடி தேய்த்தார். அவர் கையிலிருந்த உருட்டுக் கட்டை நட்டுவின் முழங்கை அளவுக்குப் பருமன். கைப்பிடி தவிர மற்ற இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது. மேசையில், கையில், புருவத்தில் எல்லாம் மாவு ஒட்டியிருந்தது. கட்டையில் மட்டும் ஒட்டவில்லை.

“தாத்தா, கட்டையில ஏன் மாவு ஒட்டலை?”

“எப்படி ஒட்டும்? இது உன் அம்மா வயசுக்கு வெண்ணெய் குடிச்சிருக்கு. ஒரு நாள்கூடத் தண்ணி காட்டினதில்லை. துடைக்கிறதோட சரி.”

நட்டு கட்டையைப் பார்த்தாள். ரொட்டிக்காரர் நட்டுவைப் பார்த்தார். பிறகு கட்டையை மெல்லத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

“ஏன் அதை அப்படிப் பாக்குறே?”

சுற்றி வளைத்துப் பேச நட்டுக்கு வராது. நேராகவே கேட்டாள். பெரியவரின் கழுத்துக்கு எண்ணெய் ஊறிய மரம் வேண்டும். இந்தத் தெருவிலேயே அப்படி ஊறிய மரம் இது ஒன்றுதான். வெட்டவேண்டியிருக்கும்.

“வெட்டணுமா?” ரொட்டிக்காரர் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் வெண்ணெய்க் கோடு விழுந்தது. “இதை வெட்டிட்டு நாளைக்கு நான் எதால மாவு தேய்க்கிறது?”

“நாளைக்கு எந்த மாவைத் தேய்ப்பீங்க?”

“என்ன?”

“பெரியவர் ஓடலைன்னா மாவு வராது தாத்தா. மாவு இல்லாம வெறும் கட்டைய வச்சுட்டு என்ன பண்ணுவீங்க? மாவு இருந்தா பாட்டிலை வச்சாவது தேய்க்கலாம்.”

ரொட்டிக்காரர் மூலையில் பார்த்தார். அங்கே ஒரே ஒரு மூட்டைதான் இருந்தது. அதுவும் பாதி. அடுப்பில் ரொட்டி தீயும் வாசனை வந்தது. அவர் ஓடிப்போய்த் தட்டை வெளியே இழுத்தார். திரும்பி வந்து கட்டையைத் துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு நீட்டினார்.

“இது சும்மா குடுக்கறதில்ல. கடன்.”

“கடன்தான்,” என்றாள் நட்டு.

“இப்போ நீ அந்தத் தீஞ்ச ரொட்டியையும் எடுத்துட்டுப் போ. உன்னாலதான் தீஞ்சுது.”

கட்டையைப் பார்த்ததும் அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவரா குடுத்தார்? கேட்டுட்டுத்தானே எடுத்தே?”

“கேட்டேன். கடன்னு சொல்லித் தந்தார்.”

அம்மா ரம்பத்தை எடுத்தாள். முதல் துண்டு துளை போடும்போது வெடித்தது. இரண்டாவது துண்டில் மாமாவின் துளை கோணலாகப் போனது. அவருடைய சைக்கிள் ஹாண்டில் பார்க்கும் அதே திசையில். கட்டை குட்டையாகிக்கொண்டே வந்தது.

“கைய எடு,” என்று அம்மா துளைக்கருவியைத் தானே வாங்கிக்கொண்டாள். நட்டு துண்டை இடுக்கியில் இறுக்கி, பக்கவாட்டில் இருந்து கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாள். “கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும். நில்லுங்க. இப்போ.” மரம் சூடாக ஆக வெண்ணெய் வாசனை வந்தது. மாமாவின் வயிறு சத்தம் போட்டது. துளை நேராக இறங்கியது.

துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார்கள். இரண்டு பாதியும் நிலக்கடலை ஓடுபோலத் தண்டைக் கவ்வி மூடிக்கொண்டன. அரத்தால் கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் பொருத்தி, மறுபடி தேய்த்தார்கள். அதைக் குழாய் வாய்க்குள் செலுத்தவேண்டும். அம்மாவின் விரல் உள்ளே போகவில்லை. மூட்டை தூக்கித் தடித்த விரல். மாமாவின் விரல் போனது, வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நான் தள்ளறேன்,” என்றாள் நட்டு.

அவளுடைய விரல் போனது. ஒரு பாதியை ஒரு விரலாலும் இன்னொரு பாதியை இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு, “தட்டுங்கம்மா,” என்றாள். அம்மா மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டினாள். விரல் நுனிகள் சிவந்துவிட்டன. புஷ் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

ஆணிக் கோட்டுக்கு நேராக ஸ்டீரிங் ஏறியது. மாமா நட்டை முறுக்கினார். இந்தத் தடவை முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

மைதானத்தில் பெரியவர் உறுமிக்கொண்டு கிளம்பினார். அம்மா வலப்பக்கம் திருப்பினாள். சொன்னதும் திரும்பினார். இடப்பக்கம் திருப்பினாள். யோசிக்காமல் திரும்பினார். கையைத் தளர்த்தினாள். ஸ்டீரிங் தானாகச் சுழன்று நேராக வந்து நின்றது. மைதானத்தைச் சுற்றி இரண்டாவது வட்டம் வரும்போது அம்மா ஜன்னல் வழியே ஒரு கையை நீட்டி ஆட்டினாள். ஸ்டீரிங்கில் இருந்தது ஒரே ஒரு விரல்.

டயர் மாமா தலையில் கைவைத்துக்கொண்டு, “ரொட்டிக் கட்டை, பாரு,” என்றார். அவர் குரலில் டியூப்புக்காகக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

திங்கட்கிழமை காலை அதிகாரி ஸ்டீரிங்கைப் பிடித்து மேலே தூக்கினார், கீழே அழுத்தினார், பக்கவாட்டில் குலுக்கினார். அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாதான் குலுங்கி விழுந்தது. நட்டு பழக்கதோஷத்தில் அதை எடுத்து டப்பாவில் போடப்போய், பிறகு அவரிடம் கொடுத்தாள்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். “என்ன போட்டீங்க? இதுக்கு ஸ்பேரே கிடைக்காதே.”

“ரொட்டி தேய்க்கிற கட்டை சார்,” என்றாள் நட்டு.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினாள். அவர் குனிந்து தண்டை முகர்ந்தார். இன்னொரு தடவையும் முகர்ந்தார்.

“மரமோ இரும்போ, ஆடலை,” என்று கையெழுத்துப் போட்டார். “இன்னும் காலை டிபன் சாப்பிடலை நான். சீக்கிரம் வண்டிய எடுத்துட்டுப் போங்க.”

தெருவில் திரும்பும்போது பழைய இரும்பு வாங்குகிறவர் காத்திருந்தார். சொன்னபடி பெரிய தராசைச் சுமந்து வந்திருந்தார். வியர்த்துப் போயிருந்தது. அம்மா அவர் பக்கத்தில் ஒரு விரலால் வண்டியை ஒடித்து, உரசாமல் நிறுத்தினாள்.

“தராசு கனமா இருக்கா அண்ணே? ஏத்துங்க, கொண்டுபோய் விடறேன்.”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தராசை ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். போகும் வழியெல்லாம் எங்கிருந்து ரொட்டி வாசனை வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே ரொட்டிக்கடையில் மாவு மூட்டைகள் இறங்கின. ரொட்டிக்காரர் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அம்மாவின் தோள் உடனே சரியாகிவிடவில்லை. வலி மெதுமெதுவாகத்தான் இறங்கியது. ஒரு நாள் காலையில் சீப்பு தலைக்கு மேலே போனது. நட்டு கண்ணாடியில் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே மாடிக்கு வந்துடுச்சும்மா.”

கட்டையில் மிஞ்சிய கைப்பிடித் துண்டு இப்போது ரொட்டிக்கடையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ரொட்டிக்காரர் கண்ணாடி பாட்டிலால் மாவு தேய்க்கிறார், ஒவ்வொரு தடவையும் அது வழுக்கி ஓடும்போது வாசலைப் பார்த்து உறுமுகிறார். டயர் மாமா ஒரு கட்டை செய்து, ஒட்டாமல் இருக்க டியூப் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரொட்டிக்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தெருநாய் பக்கம் வீசினார். நாயும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நட்டு நல்ல மரமாகத் தேடி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு கட்டையை வாரா வாரம் வெண்ணெய் தடவி வெயிலில் வைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அதை உருட்டிப் பார்த்தார். மாவு ஒட்டியது.

“இன்னும் குடிக்கணும்,” என்று திருப்பித் தந்தார்.

ஆகவே ரொட்டிக்காரருக்கு நட்டு தரவேண்டிய ஓர் உருட்டுக் கட்டை இன்னும் பாக்கி.